இலையில்லாச் செடிக்குச் சோறு போடுவது யார்?



புகையிலை பயிரிடும் பகுதியில் இருப்பவர்களுக்குப் புகையிலைக் காளானைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மண்ணைப் பிளந்துகொண்டு வெளிறிய தண்டு ஒன்று கிளம்பும். உருப்படியான இலை இருக்காது, பச்சை நிறம் துளியும் இருக்காது, நேராகப் பூவுக்கு வந்துவிடும். பேர்தான் காளானே தவிர அது காளான் இல்லை. பூத்துக் காய்த்து விதை போடுகிற செடிதான். அடி மண்ணை விலக்கிப் பார்த்தால் புகையிலை வேரோடு அது ஒட்டிக்கொண்டிருப்பது கண்ணுக்கே தெரியும். குதிரை மசாலில் படரும் அம்மையார் கூந்தலும் இதே ஜாதிதான். மஞ்சள் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டு, சுற்றின இடத்திலெல்லாம் உறிஞ்சு வேரைச் செருகிவிடும். இரண்டும் திருட்டுத்தான். ஆனால் திருடன் கை வைத்த இடம் நமக்குத் தெரிகிறது.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது வேறு ஒரு வகைச் செடியைப் பற்றி. அதற்கும் பச்சையம் கிடையாது. ஆனால் தோண்டிப் பார்த்தால் எந்தச் செடியின் வேரோடும் அது ஒட்டியிருக்காது. தனியாக நிற்கும். அப்படியானால் அதற்குச் சோறு எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடின கதை நூறு வருஷத்துக்கும் மேலே நீண்ட கதை. நம் பயிர்களின் வேரில் நடக்கிற காரியமும் அந்தக் கதையின் வழியாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தது என்பதால் உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை விஷயம் ஒன்று. செடிக்கு நாம் போடுகிற தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து எல்லாம் சோறு அல்ல. உப்பு, புளி போல. சோறு என்பது சர்க்கரை. அதை இலைதான் சமைக்கிறது. பச்சையம் அடுப்பு, வெயில் விறகு, காற்றில் உள்ள கரியமில வாயுவும் வேர் உறிஞ்சின தண்ணீரும் பண்டம். பச்சையம் இல்லாத செடி அடுப்பு இல்லாத வீடு. அந்த வீட்டில் ஆள் கொழுகொழுவென்று இருந்தால், வேறு எங்கோ சாப்பிடுகிறார் என்றுதானே அர்த்தம்?

ஐரோப்பாவின் பைன் காடுகளிலும் பீச் மரக் காடுகளிலும் மோனோட்ரோபா என்று ஒரு செடி இருக்கிறது. ஒரு சாண் உயரம். மெழுகில் செய்தது போல மங்கின மஞ்சள் நிறம். இலை இருக்க வேண்டிய இடத்தில் செதில்கள். தலை கவிழ்ந்த பூக்கொத்து. அதன் வெள்ளை வெளேரென்ற தங்கை ஒன்று இமயமலைக் காடுகளிலும், ஜப்பானிலும், வட அமெரிக்காவிலும் இருக்கிறது. இத்தனைக்கும் இவை நம் நீலகிரியில் சிவப்பாகப் பூக்கிற காட்டுப்பூவரசின் குடும்பத்தைச் சேர்ந்தவை. குடும்பத்தில் எல்லாரும் இலையை வைத்துப் பிழைக்க, இவர்கள் மட்டும் இலையைக் கைகழுவிவிட்டார்கள்.

இங்கிலாந்தில் தாவரங்களைப் பற்றி அந்தக் காலத்தில் ஒரு மாதப் பத்திரிகை வந்தது. ஆங்காங்கே இருந்த செடி ஆர்வலர்கள் தாங்கள் பார்த்ததை எழுதி அனுப்புவார்கள்; அடுத்த இதழில் இன்னொருவர் மறுத்து எழுதுவார். 1841, 1842ஆம் ஆண்டுகளில் அதில் இந்த மோனோட்ரோபாவை வைத்து ஒரு வழக்கே நடந்தது. எட்வின் லீஸ் என்பவர், இது பீச் மர வேரை உறிஞ்சிப் பிழைக்கும் ஒட்டுண்ணிதான், வேரைச் சுற்றி மயிர் போன்ற இழைகள் இருக்கின்றன, அவை மூலம்தான் உறிஞ்சுகிறது என்று எழுதினார். ஜார்ஜ் லக்ஸ்ஃபோர்டு என்பவர், ஒட்டுண்ணி என்றால் ஒட்டின இடத்தைக் காட்டு என்றார். காட்ட முடியவில்லை. தாமஸ் ரைலண்ட்ஸ் என்பவர் அந்த இழைகளைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து, இவை செடியின் மயிரே அல்ல, பூசண இழைகள் என்று கண்டுபிடித்தார். ஆஹா, விஷயம் முடிந்தது என்று நினைப்பீர்கள். இல்லை. இந்தப் பூசணத்தால் செடிக்கு முக்கியமான வேலை எதுவும் நடக்கவில்லை என்று அவரே எழுதி முடித்துவிட்டார்! விடை அவர் கையில் இருந்தது. அதை அழுக்கு என்று துடைத்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. பூசணம் என்றால் அந்தக் காலத்தில் அழுகல், வாடல், துரு, கரிப்பூட்டை இவ்வளவுதான். இன்றைக்கும் வேரில் வெள்ளையாக நூல் படர்ந்திருந்தால் நம் கை முதலில் மருந்து டப்பாவுக்குத்தானே போகிறது?

ஆகவே அப்புறம் வந்த பாடப் புத்தகங்களில் ஒரு சமாதானம் நிலைத்துவிட்டது. மோனோட்ரோபா எந்த மரத்தோடும் ஒட்டவில்லை, இலைச்சருகு மக்கிக் கிடக்கிற இடத்தில் முளைக்கிறது. அதனால் அது மக்கின சருகைச் சாப்பிட்டுப் பிழைக்கிறது, அதாவது சாறுண்ணி. கல்லூரித் தாவரவியல் புத்தகங்களில் சாறுண்ணிக்கு உதாரணமாக மோனோட்ரோபா, நியோட்டியா என்ற இரண்டு பெயர்களும் வெகுகாலம் இருந்தன. பிள்ளைகள் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினார்கள். உண்மையில் சருகை நேராகத் தின்று வாழக்கூடிய பூக்கும் செடி எதுவும் உலகத்தில் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. சருகை மக்கவைத்துத் தின்னுவது பூசணமும் நுண்ணுயிர்களும் செய்கிற தொழில். செடிக்கு அந்தப் பல் கிடையாது.

அந்த வெள்ளை நூலை மறுபடியும் மரியாதையோடு பார்த்தவர் பிரான்சிஷெக் கமியென்ஸ்கி என்ற போலந்து நாட்டுத் தாவரவியலார். 1881, 1882இல் அவர் எழுதியது சுருக்கமாக இதுதான். மோனோட்ரோபாவின் வேர் முழுவதையும் பூசணம் சட்டை போட்டது போல மூடியிருக்கிறது. வேர் நுனி எங்கேயும் மண்ணைத் தொடவே இல்லை. மண்ணைத் தொடாத வேர் மண்ணிலிருந்து எதை உறிஞ்சும்? செடிக்குள் போவது எதுவானாலும் பூசணத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். அதோடு, பக்கத்து மரங்களின் வேரிலும் இதே மாதிரிச் சட்டை இருப்பதையும் அவர் கவனித்தார். கமியென்ஸ்கியிடம் பெரிய கருவி ஒன்றும் இல்லை. வேரை முழுதாக, பொறுமையாகப் பார்த்தார், அவ்வளவுதான். நான் படித்த அளவில், இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் இவர்தான். ஆனால் ஊர் உலகத்துக்குத் தெரிந்த பெயர் இவருடையது அல்ல.

தெரிந்த பெயர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க். பெர்லின் விவசாயக் கல்லூரியில் பேராசிரியர். இவருக்கு இந்த வேலை வந்து சேர்ந்த விதம் வேடிக்கை. ஐரோப்பாவில் டிரஃபிள் என்று ஒரு காளான் உண்டு. ஓக், பீச் மரங்களின் அடியில் மண்ணுக்குள்ளே உருளைக்கிழங்கு போல் விளையும். விலையோ ஆளை அசத்தும். பிரான்சு நாட்டில் அது நல்ல வருமானம். நம் ராஜ்யத்திலும் இதைப் பயிரிட முடியுமா பார் என்று பிரஷ்ய விவசாய மந்திரி ஃபிராங்கிடம் பொறுப்பு கொடுத்தார். அவரும் காடு காடாகப் போய்த் தோண்டினார். டிரஃபிளுக்குப் போன மனிதர் வேறொன்றோடு திரும்பினார். டிரஃபிள் இருக்கிற மரம், இல்லாத மரம் என்ற வித்தியாசமே இல்லாமல் ஓக், பீச் மரங்கள் எல்லாவற்றிலும் உறிஞ்சுகிற நுனி வேர்கள் பூசணச் சட்டையோடுதான் இருந்தன. மரம் நோயாளியாக இல்லை, நன்றாகத்தான் இருந்தது. 1885இல் அவர் இதை எழுதி, வேரும் பூசணமும் சேர்ந்த இந்த உறுப்புக்கு மைக்கோரைசா என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் பூசணவேர் என்று பொருள். பூசணம்தான் மரத்துக்குச் செவிலித்தாய், மண்ணிலிருந்து தண்ணீரையும் சத்தையும் எடுத்து ஊட்டுகிறது என்றார்.

சண்டை வந்துவிட்டது. மியூனிக் நகரத்தில் ராபர்ட் ஹார்ட்டிக் என்று மரநோய்களில் பெரிய கை ஒருவர் இருந்தார். மரத்தை அழுகவைக்கும் பூசணங்களை ஆராய்ந்தே பேர் வாங்கினவர். செவிலித்தாயாவது, இது ஒட்டுண்ணி, மரத்தின் சாற்றைக் குடிக்கிறது என்றார் அவர். ஃபிராங்க் வாய்ச்சண்டையில் நிற்கவில்லை. காட்டு மண்ணை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியைச் சூடாக்கிப் பூசணத்தைச் சாகடித்தார். மறுபாதியை அப்படியே விட்டார். இரண்டிலும் பைன் விதை போட்டார். பூசணம் உள்ள தொட்டியில் நாற்றுகள் செழித்தன. சூடாக்கின மண்ணில் சோடை போயின. நம் வயலோரத்தில் செயல்விளக்கத் திடல் போட்டு, பக்கத்தில் ஒன்றும் போடாத பாத்தி ஒன்று விட்டுவைப்போமே, அதே முறைதான். அப்போதும் எல்லாரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஆனால் பின்னால் 1920களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் அரசு நாற்றங்கால்களில் வெளிநாட்டுப் பைன் நாற்று மஞ்சள் அடித்து நின்றபோது, நல்ல பைன் நாற்றங்கால் மண்ணைக் கொண்டுவந்து கலந்த பிறகுதான் தேறியது. பைன் மரம் பிறக்காத நாட்டில் பைன் பூசணம் எங்கிருந்து வரும்? விதை கப்பலேறி வந்தது, செவிலித்தாய் வரவில்லை.

இப்போது இலையில்லாச் செடிக்கே திரும்பி வருவோம். மரத்தின் கணக்கு விளங்கிவிட்டது. மரம் சர்க்கரை கொடுக்கிறது, பூசணம் மணிச்சத்தும் தண்ணீரும் கொடுக்கிறது. களத்தில் வேலை செய்த ஆளுக்கு நெல் அளந்து போடுவது மாதிரி. ஆனால் இலையே இல்லாத செடி எதை அளந்து போடும்?

அடுத்த துப்பு கிடைத்தது பிரான்சில். நோயல் பெர்னார் என்ற 25 வயது வாலிபர், படிப்பை முடித்துவிட்டுப் பாரிசுக்குத் தெற்கே மெலுன் என்ற ஊரில் கட்டாய ராணுவ சேவையில் இருந்தார். பக்கத்தில் ஃபோந்தேன்புளோ காடு. 1899 மே மாதம் 3ஆம் தேதி அந்தக் காட்டில் நடந்தபோது, நியோட்டியா என்ற இலையில்லா ஆர்க்கிட் செடியின் பழைய பூத்தண்டு ஒன்று போன வருஷமே சாய்ந்து, சருகுக்கும் மண்ணுக்கும் கீழே புதைந்து கிடப்பதைப் பார்த்தார். எடுத்துக் காயைப் பிரித்தால் உள்ளே விதைகள் முளைத்துக்கொண்டிருந்தன. ஆர்க்கிட் விதை முளைப்பதைக் கண்ணால் காண்பதே அப்போது அபூர்வம். ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் லட்சக்கணக்கில் விதை இருக்கும். தூசி மாதிரி. ஊதினால் பறந்துவிடும். ஏன் அவ்வளவு இலேசு என்றால் உள்ளே சாப்பாடு இல்லை. நெல்லுக்குள் அரிசி இருக்கிறது, உளுந்துக்குள் பருப்பு இருக்கிறது. முளைக்கிற குழந்தைக்கு அம்மா கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அது. ஆர்க்கிட் விதையில் அந்தக் கட்டுச்சோறு இல்லை. பணக்காரத் தோட்டக்காரர்கள் ஏராளமாகச் செலவு செய்து விதைத்தும் முளைத்தது கொஞ்சம்தான். காரணம் தெரியாமல் தவித்தார்கள்.

பெர்னார் அந்த முளைகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முளைக்குள்ளும் பூசண இழை இருந்தது. பூசணம் நுழையாத விதை முளைக்கவே இல்லை. அதாவது கட்டுச்சோறு இல்லாத குழந்தைக்கு ஊட்டுவது பூசணம்! அடுத்த சில வருஷங்களில் அந்தப் பூசணத்தைத் தனியாகப் பிரித்து வளர்த்து, ஆர்க்கிட் விதையோடு கண்ணாடிக் குழாயில் சேர்த்து முளைக்கவைத்தும் காட்டினார். வயது முப்பத்தாறு, 1911 ஜனவரியில் காசநோயால் இறந்துபோனார். இன்னும் ஒரு இருபது வருஷம் இருந்திருந்தால் கதை எவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்குமோ.

பூசணம் அப்படி என்னதான் ஊட்டுகிறது என்பதை அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்து லூயிஸ் நட்சன் 1922இல் சொன்னார். பூசணமே இல்லாமல், வெறும் சர்க்கரையும் உப்புகளும் கலந்த கூழில் ஆர்க்கிட் விதையைப் போட்டார், முளைத்தது. ஆர்க்கிட் பூ வியாபாரம் இன்றைக்கு இவ்வளவு பெரிய தொழிலாக இருப்பதற்கு அந்தப் புட்டி முறைதான் ஆரம்பம். நமக்கு இங்கே வேண்டிய விஷயம், பூசணம் கொடுத்தது சர்க்கரை என்பது. மரத்திடம் சர்க்கரை வாங்குகிற பூசணம், ஆர்க்கிட் முளைக்குச் சர்க்கரை கொடுக்கிறது. திசை மாறுகிறது பாருங்கள்.

அப்போது மோனோட்ரோபாவின் சர்க்கரை யாருடையது? இதைக் கையும் களவுமாகப் பிடித்தவர் சுவீடன் நாட்டு வன விஞ்ஞானி எரிக் பியோர்க்மன். ஆடு மேய்ப்பவர்கள் தங்கள் ஆட்டை அடையாளம் தெரிந்துகொள்ளக் காதில் வெட்டு வைப்பார்கள், இல்லையா? அதுபோல சர்க்கரைக்கு அடையாளம் வைக்க ஒரு வழி அந்தக் காலத்தில்தான் வந்திருந்தது. கதிரியக்கம் உள்ள கரி அணுவைச் சேர்த்துச் சர்க்கரை தயாரித்தால், அது எங்கே போனாலும் கருவி காட்டிக்கொடுத்துவிடும். பியோர்க்மன் அந்தச் சர்க்கரையைப் பைன் மரத்திலும் ஸ்புரூஸ் மரத்திலும் பட்டைக்குள் செலுத்தினார். சில நாள் கழித்துப் பக்கத்தில் நின்ற மோனோட்ரோபாவை எடுத்துச் சோதித்தால், காதில் வெட்டு வைத்த ஆடு அங்கே நிற்கிறது! அதோடு விடவில்லை. சில மோனோட்ரோபாச் செடிகளைச் சுற்றி மண்ணுக்குள் உலோகத் தகடுகளை இறக்கி, மர வேரோடு இருந்த தொடர்பைத் துண்டித்தார். சருகு இருந்தது, மக்கு இருந்தது, ஈரம் இருந்தது. ஆனால் தகட்டுக்குள் சிக்கின செடி மற்றவை போல வளரவில்லை. சாறுண்ணி என்றால் ஏன் வாட வேண்டும்? 1960இல் இந்த முடிவுகள் வெளிவந்தன.

ஆகவே, மோனோட்ரோபா சாப்பிடுவது சருகை அல்ல, பக்கத்தில் உயிரோடு நிற்கிற மரத்தின் சோற்றை. நேராகக் கை வைக்காமல், பூசணத்தின் வழியாக வாங்கிச் சாப்பிடுகிறது. வேலையாள் கூலி நெல்லை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வழியில் ஒருவன் அவிழ்த்துக்கொள்வது மாதிரி. 1841இல் ஒட்டுண்ணி என்று சொன்ன லீஸும் பாதி சரி, ஒட்டவில்லை என்று சொன்ன லக்ஸ்ஃபோர்டும் பாதி சரி. இரண்டு பாதியையும் சேர்க்கிற நூல் ரைலண்ட்ஸின் பூதக்கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. இடையில் 119 வருஷம்.

இதற்குள் இன்னொரு சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கும். இந்தப் பூசணம் ஏன் இளித்தவாயாக இருக்கிறது? திருப்பி ஏதாவது கிடைக்கிறதா? மோனோட்ரோபா பூசணத்துக்குச் சர்க்கரை எதையும் திருப்பிக் கொடுப்பதாக யாரும் காட்டியதில்லை. என்னைக் கேட்டால் இதைக் கூட்டாளி என்று சொல்வது அந்த வார்த்தைக்கே மரியாதை இல்லை. நாசூக்கான திருடன் என்பதுதான் பொருத்தம். ஆனால் திருடன் கண்ட வீட்டிலெல்லாம் நுழைவதில்லை. 1990களில் மரபணுவைப் படித்துப் பூசணத்தை இனம் பிரிக்கிற முறை வந்தது. 1996இல் கலிபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் மோனோட்ரோபாக் குடும்பத்தை எடுத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு செடியும் குறிப்பிட்ட ஒரு பூசண வகையையே நம்பி வாழ்வது தெரிந்தது. மஞ்சள் மோனோட்ரோபாவுக்கு டிரைகோலோமா என்ற காளானின் இனம். வெள்ளைத் தங்கைக்கு ருசுலா இனம். கலிபோர்னியா மலையில் பனி உருகும்போது ரத்தச் சிவப்பாகக் கிளம்புகிற இன்னொரு செடிக்கு ரைசோபோகன் இனம். பைன் மரத்துக்குப் பல பூசணங்களோடு வரவு செலவு உண்டு. திருடனுக்கு ஒரே ஒரு சாவி. அந்தப் பூசணம் இல்லாத காட்டில் அந்தச் செடி இல்லை. காட்டை வெட்டினாலும் முதலில் மறைவது இவைதான். இதுபோலப் பச்சையம் இல்லாமல் பூசணத்தை நம்பி வாழ்கிற செடிகள் உலகத்தில் ஏறக்குறைய 500 இனங்கள் உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமை மாறாக் காடுகளிலும், இலங்கையிலும் அஃபில்லார்க்கிஸ் என்ற இலையில்லா ஆர்க்கிட் இருக்கிறது. காட்டில் கண்டால் கிள்ள வேண்டாம். வீட்டில் கொண்டுவந்து நட்டால் சத்தியமாகப் பிழைக்காது; ஏன் என்பதுதான் இவ்வளவு நேரம் சொன்னது.

இதுவரை சொன்னது பைன், பீச் மரங்களின் பூசணம். நம் சோளம், மக்காச்சோளம், உளுந்து, வெங்காயம், மிளகாய், வாழை, மரவள்ளியின் வேரில் இருப்பது வேறு இனம். அது வேரின் மேலே சட்டை போடாது, உள்ளே நுழைந்து குடியிருக்கும். வேர் உட்பூசணம் என்றும், வேம் என்றும் நம் வேளாண்மைத் துறையில் சொல்கிறோமே, அதுதான். இதிலாவது திருட்டு இருக்காது என்று வெகுநாள் நினைத்தார்கள். 2002இல் தென் அமெரிக்கக் காட்டில் இருக்கிற இலையில்லாச் செடிகளை ஆராய்ந்ததில், அவை இந்த உட்பூசணத்தின் வழியாகவும் பக்கத்துப் பச்சைச் செடிகளோடு தொடர்பு வைத்திருப்பது தெரிந்தது.

வேம் பயன்படுத்துகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. இந்தப் பூசணம் உயிருள்ள வேரிலிருந்து வருகிற சர்க்கரையையே நம்பி வாழ்வது. சிப்பிக் காளான் மாதிரி வைக்கோலில் வளராது. அதனால்தான் மக்காச்சோளம் போன்ற பயிரை வளர்த்து, அந்த வேர்த் துண்டும் மண்கலவையுமாக உங்களுக்குக் கிடைக்கிறது. பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, என்னங்க இது வெறும் மண்ணைக் கொடுத்திருக்கீங்க என்று கேட்பவர்கள் உண்டு. மண் இல்லை, அதற்குள் வித்து இருக்கிறது. நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம் வீதம், விதைக்கு அடியில் 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் இடவேண்டும். முளைத்து வருகிற வேர் அதைத் தொட வேண்டும் என்பதுதான் கணக்கு. முட்டைக்கோசு, முள்ளங்கி, கடுகு குடும்பத்துக்கு இது ஆகாது. அந்த வேர்கள் இந்தப் பூசணத்தோடு சேர்வதில்லை, காசு வீண்.

சரி, இலையில்லாச் செடியை வைத்து விவசாயம் செய்தவர்கள் உண்டா என்று கேட்கலாம். உண்டு. சீனாவில் தியன்மா என்று ஒரு ஆர்க்கிட். மண்ணுக்குள் கிழங்கு, வெளியே வருவது அம்பு மாதிரிச் சிவந்த ஒற்றைப் பூத்தண்டு மட்டும். தலைவலி, தலைசுற்றலுக்கு அந்தக் கிழங்கை அவர்கள் சுமார் 2000 வருஷமாக மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள். அத்தனை காலமும் காட்டில் தோண்டி எடுத்ததுதான். வயலில் நட்டவர்களுக்குக் கிழங்கு வருஷா வருஷம் சிறுத்து, கடைசியில் ஒன்றும் இல்லாமல் போயிற்று. உரம் போட்டாலும் அதே கதி.

காரணத்தை முதலில் கண்டவர் குசானோ என்ற ஜப்பானிய விஞ்ஞானி, 1911இல். அந்தக் கிழங்கு ஆர்மில்லாரியா என்ற பூசணத்தோடு சேர்ந்தால்தான் பெருக்கிறது, பூக்கிறது. இந்த ஆர்மில்லாரியா சாதுவான பேர்வழி இல்லை. மரங்களின் வேரைத் தாக்கி அழுகவைத்துக் கொல்லுகிற பூசணம். கறுத்த செருப்பு வார் மாதிரி மண்ணுக்குள் ஓடும். அது கிழங்குக்குள்ளும் நுழைகிறது, மற்றதைத் தின்னுகிற மாதிரி இதையும் தின்னலாம் என்று. ஆனால் கிழங்கின் உள் அடுக்குக்குப் போனதும் தியன்மா அதைச் சீரணித்துவிடுகிறது. ஆட்டைத் தின்ன வந்த ஓநாயை ஆடு தின்ற கதை. இங்கே மோனோட்ரோபா போல உயிருள்ள மரத்தோடு நூல் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. பூசணம் மரக்கட்டையைத் தின்னும், தியன்மா பூசணத்தைத் தின்னும். சருகைத் தின்கிற செடி என்ற பழைய பாடத்துக்கு மிகவும் பக்கத்தில் வருவது இந்த வகைதான் என்றாலும், இதிலும் நடுவில் பூசணம் இல்லாமல் ஒரு கவளம்கூட உள்ளே போகாது.

காட்டுக் கிழங்கு தேவைக்குப் போதாமல் போனபோது, 1960களில் சீன ஆராய்ச்சியாளர்கள் கிராமங்களில் உட்கார்ந்து சாகுபடி முறையை உண்டாக்கினார்கள். விறகுக் கட்டைகளில் வெட்டுப் போட்டு, ஆர்மில்லாரியாவை ஏற்றி, குழியில் அடுக்கி, கட்டைகளுக்கு நடுவே சிறு கிழங்கை வைத்து, சருகும் மண்ணும் போட்டு மூடுவது. வெயில் வேண்டாம், உரம் வேண்டாம். மலைச்சரிவில், நிழலில், இருட்டில் விளைகிறது பயிர். ஆனால் கிழங்கிலிருந்தே கிழங்கு எடுத்துக்கொண்டு போனால் சில தலைமுறையில் தரம் குறைந்தது. விதையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. விதையோ தூசி. அதைப் போட்டால் ஆர்மில்லாரியா முளைக்கவைக்கவில்லை. மக்கின இலையில் வளர்கிற மைசீனா என்ற சின்னஞ்சிறு காளான்தான் விதைக்குச் சோறூட்டும் என்று 1980களில் தெரிந்தது. விதைக்கு ஒரு செவிலி, வளர்ந்த கிழங்குக்கு இன்னொன்று. ஆக விவசாயி இப்போது இரண்டு பூசணத்தையும் வளர்த்து வைத்துக்கொண்டு, மைசீனா ஏறின இலைகளின் மேல் விதையைத் தூவி, ஆர்மில்லாரியாக் கட்டைகளின் அருகில் வைக்கிறார். கடைக்குப் போகிற தியன்மா இன்றைக்குப் பெரும்பாலும் இப்படி விளைந்ததுதான்.

அதிலும் ஒரு தொல்லை இருக்கிறது. ஒரு தடவை தியன்மா எடுத்த குழியில் அடுத்த வருஷமே வைத்தால் விளைச்சல் விழுந்துவிடுகிறது. கட்டையும் பூசணம் தின்று தின்று பஞ்சு மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு பட்டத்துக்கும் புதுக் கட்டை வேண்டும், புது இடம் வேண்டும். மரத்தை வெட்டாமல் எப்படிச் சமாளிப்பது என்று, கவாத்துக் கழிவுகளையும் பயிர்த் தட்டைகளையும் வைத்து அங்கே சோதனை செய்துகொண்டிருக்கிறார்கள்.